கேமராவுக்கு மேக்கப்: கோலாலம்பூர் வெயிலுக்கும் நம் நிறத்துக்கும் ஏற்றபடி

கண்ணாடியில் நன்றாக இருந்த முகம் போட்டோவில் மட்டும் சாம்பல் பூத்து வருகிறதா? கைப்பழக்கம் போதவில்லை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பொருந்தாத வெளிச்சம், நிறம் சேராத ஃபவுண்டேஷன் (முகம் முழுக்கப் பூசும் அடிப்பூச்சு), வெள்ளைப் பவுடர் என்ற மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். மூன்றையும் சரிசெய்ய விலை உயர்ந்த சாமான்கள் வேண்டியதில்லை.

இதுவரை பிரஷ்ஷைத் தொட்டே பழக்கம் இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டில் நிச்சயதார்த்தம், அக்கா மகளின் அரங்கேற்றம், ஜூமில் வேலை நேர்முகம், டிக்டாக்கில் சேலை விற்கும் லைவ் என எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் இது போதாது. விடியற்காலையில் போட்டு இரவு விருந்துவரை தாங்க வேண்டிய முகத்தை அனுபவம் உள்ளவர் கையில் கொடுப்பதுதான் சரி.

முதலில் வெளிச்சம்

எந்த வெளிச்சத்தில் படம் எடுக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முடிந்தவரை அதே மாதிரி வெளிச்சத்தில் உட்கார்ந்து மேக்கப் போடுங்கள். குளியலறைக் கண்ணாடிக்கு மேலே இருக்கும் மஞ்சள் விளக்கை நம்பிப் போட்டால் கன்னத்தில் பூசும் பிளஷ்ஷும் பவுடரும் எவ்வளவு ஏறியது என்றே தெரியாது. வெளியே வந்தபிறகுதான் தெரியும்.

வீட்டில் எடுப்பதாக இருந்தால் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்: பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், ஹாலில் தொங்கும் மஞ்சள் விளக்கு சுமார் 3000 கெல்வின். இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் ஆரஞ்சாகவும் வரும். எந்த ஃபவுண்டேஷனாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஜன்னல் பக்கவாட்டில்தான் இருக்கிறது, முகத்தின் ஒரு பாதி இருட்டாகிறது என்றால், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் புராஜெக்ட் எழுதும் பெரிய வெள்ளைத் தாளான மஹ்ஜோங் பேப்பர் ஒன்றை அட்டையில் ஒட்டி இருட்டுப் பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் திரும்பி வந்து நிழலைத் தணிக்கும். ரிங் லைட் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தினமும் லைவ் போடுபவர் வாங்கலாம். ஒரே ஒரு விசேஷத்துக்கு என்றால் ஜன்னலே போதும்.

வெளியில் எடுப்பது வேறு கதை. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 3 டிகிரியில்தான் இருக்கிறது. நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். கண்குழியும் மூக்கடியும் கறுத்துப் போகும். தாமான் போத்தானி பெர்டானா பூங்காவிலோ புத்ராஜெயா ஏரிக்கரையிலோ போட்டோ எடுக்க நினைத்தால் காலை 9 மணிக்குள் முடியுங்கள். இல்லாவிட்டால் மாலை 6 மணிக்கு மேல் தொடங்குங்கள். இங்கே சூரியன் மறைய ஏழு, ஏழரை ஆகிவிடும் என்பதால் நேரம் கிடைக்கும். மழை மேகம் கூடினால் பயப்பட வேண்டாம். மேகம் மூடிய வானம்தான் முகத்துக்கு மிக மென்மையான வெளிச்சம் தரும். குடை மட்டும் கையில் இருக்கட்டும்.

ஃபவுண்டேஷன் நிறம்

இதில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். கடையில் நிற்பவர், "தங்கச்சி, ஒரு ஷேட் கம்மியா போட்டா போட்டோல பளிச்சுனு இருக்கும்" என்பார். "இல்லக்கா, என் கழுத்து நிறத்துக்கே குடுங்க" என்று சொல்லப் பழகுங்கள். ஒரு ஷேட் வெளுப்பாகப் போட்ட மாநிற முகம் கேமராவில் வெள்ளையாகத் தெரியாது, சாம்பலாகத்தான் தெரியும். பக்கத்தில் கழுத்து, காது, கை எல்லாம் தம் சொந்த நிறத்தில் இருப்பதால் முகம் மட்டும் தனியாக மிதக்கும்.

புறங்கையில் தேய்த்துப் பார்ப்பதால் பயனில்லை. தாடை எலும்பின் மேல், கன்னமும் கழுத்தும் சேரும் இடத்தில், அடுத்தடுத்து மூன்று ஷேடுகளைக் கோடாகப் போடுங்கள். போட்டுவிட்டுக் கடை வாசலுக்கு வாருங்கள். மால் உள்ளே இருக்கும் விளக்குகள் பொய் சொல்லும். பகல் வெளிச்சத்தில் எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் ஷேட். உடனே பணம் கட்டாதீர்கள். கால் மணி நேரம் சுற்றிவிட்டு, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்து திரும்பப் பாருங்கள். சில ஃபவுண்டேஷன்கள் காற்றும் தோல் எண்ணெயும் பட்டு ஒரு படி கறுக்கும், ஆரஞ்சாகவும் மாறும். அப்படி மாறியபின் உள்ள நிறத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஷேட் எண் மட்டும் பார்த்தால் போதாது. அடியில் ஓடும் சாயலும் முக்கியம். நம்மில் பலருக்குத் தங்க மஞ்சள் சாயல் இருக்கும். சிலருக்குச் சிவப்பு, சிலருக்கு ஆலிவ் பச்சை. ரோஸ் சாயல் கொண்ட ஃபவுண்டேஷனை மஞ்சள் சாயல் தோலில் போட்டால் ஷேட் சரியாக இருந்தும் முகம் ஒட்டாது. தெரியவில்லை என்றால் மஞ்சள் சாயலில் இருந்து தொடங்குங்கள்.

நெற்றியும் வாயைச் சுற்றிய பகுதியும் கன்னத்தைவிடக் கறுப்பாக இருப்பது நம் பெண்களிடம் மிகச் சாதாரணம். எல்லாவற்றையும் நடுக்கன்னத்தின் வெளுப்புக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். கழுத்தையும் மார்பின் மேற்பகுதியையும் அளவுகோலாக வைத்துக்கொண்டால், கறுத்த இடங்களை அதற்கேற்ப ஏற்றலாம். முதுகு இறக்கமான பிளவுஸ் போடுபவர்கள் முதுகின் நிறத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்சன்ஸ், கார்டியன் போன்ற கடைகளில் மாநிறத்துக்கு ஏற்றவை ஓரளவு கிடைக்கும். நல்ல கறுப்பு நிறத்தவர்களுக்கு அங்கே தேர்வு சுருங்கிவிடும் என்பது உண்மை. 2017-ல் ஃபென்டி பியூட்டி ஒரே நேரத்தில் 40 ஷேடுகளோடு வந்தபிறகு மற்ற நிறுவனங்களும் ஆழ்ந்த நிறங்களைக் கூட்டின. இருந்தாலும் கிளைக்கு அனுப்பும் சரக்கில் அவை எல்லாம் வந்து சேர்வதில்லை. சரியான ஒன்று கிடைக்கவே இல்லையா? கொஞ்சம் ஆழமான ஒன்றையும் கொஞ்சம் வெளுத்த ஒன்றையும் வாங்கிப் புறங்கையில் கலந்து போடுங்கள். தொழிலில் இருப்பவர்களே அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்பு "வெளுப்பாக்கும்" கிரீமைத் தேடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் இருந்ததாக மலேசியச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப அறிவித்து வருகிறது. இந்நாட்டில் விற்கும் அழகுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் என்.பி.ஆர்.ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவிப்பு எண் இருக்க வேண்டும், அது என்.ஓ.டி (NOT) என்று தொடங்கும். அவர்கள் இணையதளத்தில் பொருளின் பெயரைப் போட்டுத் தேடலாம். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் ஆன்லைனிலும் பாதி விலையில் கிடைக்கும் பிரபல லிப்ஸ்டிக்குகளுக்கும் இதே சோதனைதான்.

தோலைத் தயார் செய்தல்

இதை நீட்ட வேண்டியதில்லை. முகம் கழுவி, ஜெல் போன்ற இலகுவான மாய்ஸ்ச்சரைசர் தடவி, அது உள்ளே இறங்கும்வரை விடுங்கள். வெளியில் எடுக்கும் படம் என்றால் சன்ஸ்கிரீன் அவசியம். தோலில் வெள்ளை படியாத வகையாகப் பாருங்கள். 10 நிமிடம் கழித்து, எண்ணெய் வழியும் மூக்கு, நெற்றி, மோவாயில் மட்டும் ப்ரைமர், அதாவது மேக்கப் பிடிக்க உதவும் அடித்தளக் கிரீம். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அவசரமாகப் போனால் விரல் படும்போது அழுக்குத் திரண்டது போல உருண்டு வரும். அப்படி வந்தால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

இத்தனையையும் ஏசி ஓடும் அறையில் செய்யுங்கள். வியர்க்கும் தோலில் எதுவும் பிடிக்காது. புதிதாக வாங்கிய எதையும் விசேஷ நாளில் முதன்முதலாகப் போடக் கூடாது. முந்தைய வாரமே காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

கருவளையம், பிறகு ஃபவுண்டேஷன்

கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தின் மேல் கறையை மறைக்கும் வெளுத்த கன்சீலரை நேரடியாகப் பூசினால் சாம்பல் வட்டம்தான் கிடைக்கும். முதலில் அந்த நீலக் கறுப்பை முறிக்க வேண்டும். நிறச் சக்கரத்தில் நீலத்துக்கு எதிரே இருப்பது ஆரஞ்சு. அதனால் மாநிறத்துக்குப் பீச் நிறக் கரெக்டர், கறுப்பு நிறத்துக்கு ஆரஞ்சு அல்லது செங்கல் நிறம். கறுத்த இடத்தில் மட்டும், ஒரு பச்சைப் பயறு அளவு. வாயோரக் கறுப்புக்கும் இதே வைத்தியம்.

அதன் மேல் ஃபவுண்டேஷன். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, ஈரம் மட்டும் இருக்கும்படி எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தின் நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக ஒற்றி ஒற்றிப் போடுங்கள். இழுக்க வேண்டாம், இழுத்தால் அடியில் இருக்கும் ஆரஞ்சு கலைந்துவிடும். மெல்லிய ஒரு பூச்சு போட்டு, போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தேவைப்படும் இடத்தில் மட்டும் இன்னொரு பூச்சு. 4கே வீடியோ எடுக்கும் போன்கள் தோலின் துவாரம்வரை காட்டும். கெட்டியாக அப்பிய ஃபவுண்டேஷன் அதில் விரிசல் விட்ட சுவரைப் போலத் தெரியும். இரண்டு பருக்கள் லேசாகத் தெரிவது அதைவிட எவ்வளவோ மேல்.

காது மடல், கழுத்து, தலைமுடி தொடங்கும் ஓரம் ஆகிய மூன்றையும் மறக்காதீர்கள். மீந்த ஸ்பாஞ்சிலேயே ஒற்றினால் போதும். கன்சீலரைக் கடைசியாக, கண்ணின் உள்மூலையிலும் வெளிமூலையிலும் மட்டும் வையுங்கள். ஃபவுண்டேஷனைவிட அரை ஷேட், மிஞ்சினால் ஒரு ஷேட் வெளுப்பு. அதற்கு மேல் போனால் ஆந்தைக் கண்தான்.

பவுடரும் ஃபிளாஷும்

மண்டபத்தில் நன்றாக இருந்த பெண், ஃபிளாஷ் போட்ட படத்தில் மாவு டப்பாவில் முகம் வைத்தவர் மாதிரி வருவதைப் பார்த்திருப்பீர்கள். சிலிக்கா கலந்த நிறமற்ற பவுடர்கள் ஃபிளாஷ் ஒளியை அப்படியே திருப்பி அடிக்கும். சன்ஸ்கிரீனிலும் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு) போட்ட ஃபவுண்டேஷனிலும் இருக்கும் ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டைஆக்சைடும் இதையே செய்யும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஃபிளாஷ் அடித்தால்தான் வெளிப்படும். மாலையில் மண்டபத்தில் எடுக்கும் படம் என்றால் எஸ்பிஎஃப் இல்லாத ஃபவுண்டேஷனே நல்லது.

சோதித்துப் பார்ப்பது எளிது. முழு மேக்கப்பும் போட்டபின் அறையை இருட்டாக்கி, ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். கண்ணடியிலோ மூக்கிலோ வெள்ளை தெரிந்தால் பவுடரை மாற்றுங்கள். நம் நிறத்துக்கு மஞ்சள் சாயல் கொண்ட பனானா பவுடர் அல்லது தோல் நிறத்திலேயே வரும் பவுடர்தான் பத்திரம். வீட்டில் இருக்கும் டால்கம் பவுடரைத் தயவுசெய்து தொடாதீர்கள், அம்மா எவ்வளவு சொன்னாலும் சரி.

பவுடரைப் பஃப்பில் எடுத்து, கையில் ஒருமுறை தட்டி, எண்ணெய் வரும் இடங்களில் அழுத்துங்கள். கன்னத்தின் மேட்டை விட்டுவிடலாம். அங்கே இருக்கும் இயற்கையான மினுமினுப்புதான் படத்தில் முகத்துக்கு உயிர் தருவது.

கன்னம், புருவம், கண், உதடு

வலுவான விளக்குக்கு முன்னால் நிறம் வெளிறும். கண்ணாடியில் "கொஞ்சம் அதிகமோ" என்று தோன்றும் அளவுக்குப் பிளஷ் போட்டால்தான் கேமராவில் சரியாக வரும். வெளிர் ரோஸ் நம் தோலில் சுண்ணாம்பாகத் தெரியும். செங்கல் சிவப்பு, பெர்ரி, ஆழ்ந்த பவளம் ஆகியவை எடுபடும். மூக்கைச் சின்னதாகக் காட்ட கான்டூர் (நிழல் போலத் தெரியும் அடர் பூச்சு) போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

புருவத்துக்கு முழுக் கறுப்பு வேண்டாம்; அடர் பழுப்பு போதும். கூர்மையான பென்சிலால் முடி இல்லாத இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் கோடுகள்.

கண் மை நம் வழக்கம், விட முடியாது. ஆனால் கீழிமையில் கெட்டியாகத் தீட்டிய மை ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். கண்ணையும் சிறிதாகக் காட்டும். மேலிமையில் நன்றாக, கீழிமையில் வெளிப்பாதியில் மட்டும் தீட்டி, அதன் மேல் கறுப்பு ஐ ஷேடோவை மெல்லிய பிரஷ்ஷால் ஒற்றுங்கள். தூள் பட்டால் மை நகராது. மஸ்காரா தண்ணீரில் கரையாத வகையாக இருக்கட்டும். பொய் இமை முதல்முறை என்றால் வெளிமூலையில் மட்டும் ஒட்டும் அரை இமை வாங்குங்கள். பசையைத் தடவி அரை நிமிடம் விட்டுப் பிசுபிசுப்பானபின் ஒட்ட வேண்டும். ஈரப் பசையோடு ஒட்டினால் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

உதட்டில், நியூட் என்ற பெயரில் விற்கும் வெளிர் பழுப்பு நிறங்கள் நம்மை நோயாளியாக்கும். உங்கள் சொந்த உதட்டு நிறமோ அதைவிட ஒரு படி ஆழமானதோதான் உங்களுக்கு நியூட். ஓரத்தில் பழுப்பு லைனர், உள்ளே லிப்ஸ்டிக், ஒருமுறை டிஷ்யூவில் ஒற்றி, திரும்ப ஒரு பூச்சு. சாப்பாட்டுப் பந்தி முடிந்து படம் இருக்கிறது என்றால் லிப்ஸ்டிக்கைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாழை இலைச் சாப்பாட்டைத் தாங்கும் லிப்ஸ்டிக்கை நான் இதுவரை பார்க்கவில்லை.

பொட்டு, சேலை, நகை

ஃபவுண்டேஷன் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டாது. வியர்த்ததும் மூக்குக்கு இறங்கிவிடும். பொட்டு வைக்கும் இடத்தை மட்டும் பஞ்சில் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். கோவிலில் திருநீறும் குங்குமமும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் நெற்றியில் பவுடர் நன்றாக அழுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குங்குமம் எண்ணெயில் ஊறிப் பரவும்.

சேலையை முதலில் கட்டிவிட்டு மேக்கப் போடுவதா, பிறகா? கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, மேக்கப்பைச் சேலை கட்டியபின் முடிப்பதே என் வழக்கம். பட்டின் நிறம் தாடையில் எதிரொளிக்கும் என்பது அதற்கு ஒரு காரணம். கிளிப்பச்சைப் பட்டு வெயிலில் தாடையைப் பச்சையாக்கும். அடர் சிவப்பு கழுத்தைச் சிவப்பாக்கும். சேலையோடு சோதனைப் படம் எடுத்தால் எங்கே கொஞ்சம் பிளஷ் கூட்டுவது, எங்கே குறைப்பது என்று தெரியும். வீடியோவுக்கு என்றால் மிக நெருக்கமான கோடும் கட்டமும் போட்ட துணியைத் தவிருங்கள். திரையில் அலை அலையாக நெளியும். நெற்றிச்சுட்டியைக் கடைசியாக மாட்டி, அதன் கொக்கி பட்ட இடத்தைப் பஃப்பால் ஒற்றிவிடுங்கள்.

வியர்வை

பகலில் 32, 33 டிகிரி, கூடவே காற்றில் அவ்வளவு ஈரம். வியர்க்காமல் இருக்க வழியே இல்லை. மேக்கப்பைக் கலையாமல் பிடித்துவைக்கும் செட்டிங் ஸ்பிரே கொஞ்சம் உதவும், அற்புதம் செய்யாது.

வியர்வையின் மேல் பவுடர் போடவே கூடாது. முதலில் ஒரு டிஷ்யூவை நான்காக மடித்து, தேய்க்காமல் அழுத்தி ஈரத்தை எடுங்கள். பிறகு மூக்கிலும் நெற்றியிலும் இருக்கும் எண்ணெய்க்கு எண்ணெய் ஒற்றும் தாள். அப்புறம்தான் பவுடர், அதுவும் ஒரே ஒரு ஒற்று. இந்த வரிசை மாறினால் முகத்தில் திட்டுத் திட்டாகக் கட்டி தட்டும். கையில் பிடிக்கும் பேட்டரி விசிறி ஒன்று இருந்தால் பாதி வேலை மிச்சம். கழுத்துக்குப் பின்னால் காட்டுங்கள், முகத்துக்கு நேராக வேண்டாம்.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் போன் லென்ஸில் ஈரம் படிந்து படம் பனிமூட்டமாக வரும். லென்ஸ் வெளிச் சூட்டுக்குப் பழக சில நிமிடம் கொடுங்கள்.

கேமரா முன்னால்

லென்ஸைத் துடையுங்கள். மேக்கப் கையோடு தொட்ட போனில் ஃபவுண்டேஷன் பிசுக்கு படிந்து எல்லாம் மங்கலாக வரும். பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள், குறைந்தது சோதனைப் படத்துக்காவது. அது ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் போட்ட மேக்கப் எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

மூக்கு விஷயம் இதுதான். போனின் முன்பக்கக் கேமரா அகலக் கோணம் கொண்டது. நாமோ கையை மடக்கி முகத்துக்கு மிக அருகில் பிடிக்கிறோம். லென்ஸுக்கு மிக அருகில் இருக்கும் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். போனை ஒன்றரை மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் வைத்து, பின்பக்கக் கேமராவில் 2 மடங்கு ஜூம் போட்டு எடுங்கள். எந்தக் கான்டூரும் செய்யாத வேலையை அந்தத் தூரம் செய்துவிடும்.

பின்னணியில் வெள்ளைச் சுவர் வேண்டாம். வெள்ளையைப் பார்த்ததும் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். முதலில் பலியாவது நம் முகம்தான். வேறு இடம் இல்லை என்றால் திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். வெளிச்ச அளவு முகத்துக்கு ஏற்றபடி பூட்டிக்கொள்ளும். தேவையென்றால் விரலை மேலே இழுத்துக் கொஞ்சம் கூட்டலாம். கலர் பிலிம் காலத்தில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஸ்டூடியோக்களுக்கு அனுப்பிய "ஷெர்லி அட்டை"களில் பல ஆண்டுகள் வெள்ளைத் தோல் பெண்களின் படம் மட்டுமே இருந்தது. நம் பாட்டிகளின் பழைய கல்யாண ஆல்பங்களில் முகங்கள் இருண்டு கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். 2021-ல் கூகுள் தன் பிக்சல் 6 போனில் ரியல் டோன் என்று தனியாக ஒரு வசதியைக் கொண்டுவந்ததே, கறுத்த தோலைக் கேமராக்கள் சரியாகக் காட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டுதான். உங்கள் போன் எதுவானாலும் அந்த விரல் அழுத்தம் வேலை செய்யும்.

போட்டோகிராஃபரை வைத்திருந்தால் முதல் நான்கைந்து படங்கள் எடுத்ததும், "அண்ணே, ஸ்கிரீன்ல ஒரு தடவ காட்டுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். பெரிதாக்கி, கண்ணடி, மூக்கோரம், தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள கோடு ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் சரிசெய்யக் கூடியதைப் பிறகு எடிட்டிங்கில் சரிசெய்யச் சொன்னால் எல்லோர் முகமும் மெழுகு பொம்மையாகத் திரும்பி வரும்.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் முகத்தைத் துடைக்காமல் படுக்காதீர்கள். க்ளென்சிங் ஆயிலை உலர்ந்த முகத்தில் தேய்த்து, தண்ணீர் தொட்டு மறுபடி தேய்த்துக் கழுவுங்கள். பிறகு வழக்கமான ஃபேஸ்வாஷ். ஸ்பாஞ்சையும் அன்றைக்கே சோப்பில் கழுவிக் காயப் போடுங்கள். இந்த ஈரத்தில் ஒரு வாரம் பையிலேயே கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.